கப்பல் சீட்டிலிருந்து கடப்பிதழ் வரை: இடைவழிப் பயணத்தின் வரலாறு



ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் மாவட்டத்தில், அன்னாசிக்கும் செம்பனைக்கும் பேர்போன சிறு பட்டணம் சிம்பாங் ரெங்கம். மலாய் மொழியில் ‘சிம்பாங்’ என்றால் சந்தி என்று பொருள். ஜொகூர் பாருவிலிருந்து ஆயர் ஈத்தாம் நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், ரெங்கம் பட்டணத்திற்கு வழி பிரியும் இடம் இது. அந்தச் சந்தியில் ஒரு பேருந்தை விட்டிறங்கி மற்றொரு பேருந்தில் ஏறுவது நமக்குப் பழகிப்போன காரியம். இறங்குகிறோம், ஒரு கோப்பி குடிக்கிறோம், அடுத்த வண்டியில் ஏறிக்கொள்கிறோம். யாரும் நம்மை ‘நீ யார்?’ என்று கேட்பதில்லை.

ஆனால் இதே காரியத்தை இரண்டு நாடுகளுக்கு நடுவில் உள்ள மூன்றாவது நாட்டில், இரண்டு விமானங்களுக்கு இடையே செய்வதாக வைத்துக்கொள்வோம். அப்போது ‘நீ யார்? எங்கிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்? உன் பத்திரம் எங்கே?’ என்ற கேள்விகள் எழுகின்றன. இந்தக் கேள்விகள் எப்போது பிறந்தன, ஏன் பிறந்தன, அவற்றில் தமிழர்களுக்கு உள்ள பங்கு என்ன என்பதையே இன்றைய பேச்சில் காண இருக்கிறோம்.

இதைப் பேச வேண்டும் என்ற எண்ணம் நமக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் தோட்டப்பள்ளியில் படித்துச் சென்ற மாணவர் ஒருவருக்குக் கனடாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தொழிலாளியின் மகன். தாயார் தம் சங்கிலியை அடகுக்கடையில் வைத்துப் பயணச் சீட்டுக்குப் பணம் கொடுத்தார். கனடா விசாவும் முறைப்படி கிடைத்துவிட்டது. வேன் பிடித்து, உற்றார் உறவினர் எல்லாரும் சிப்பாங் விமான நிலையத்திற்குச் சென்றோம். நாமும் உடன் சென்றோம்.

விமான நிறுவனத்தின் முகப்பில் இருந்த பணியாளர் சீட்டைப் பார்த்தார். கடப்பிதழைப் புரட்டினார். “அமெரிக்க விசா எங்கே?” என்று கேட்டார். பையன் திகைத்துப் போனான். அவனுடைய சீட்டின்படி அமெரிக்க நகரம் ஒன்றில் இறங்கி, மூன்று மணி நேரம் கழித்து வேறு விமானத்தில் கனடாவுக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் வெறுமனே விமானம் மாறுவதற்கும் மலேசியர்களுக்கு விசா வேண்டும் என்பதைச் சீட்டு விற்ற முகவர் சொல்லவில்லை. நமக்கும் தெரிந்திருக்கவில்லை. பயணம் நின்றுபோனது.

திரும்பி வரும் வழியில் வேனில் யாரும் பேசவில்லை. மாச்சாப் தாண்டியபோது பையனின் தந்தையார் மெல்லக் கேட்டார்: “வாத்தியாரையா, புள்ள அந்த நாட்டுல தங்கப் போறதில்லையே. பிளேன் மாறத்தானே போறான். அதுக்கும் ஒரு பத்திரம் வேணுமா?”

அன்று அவருக்கு நம்மால் சரியான பதில் சொல்ல இயலவில்லை. கொலம்பஸ் எந்த ஆண்டில் கப்பலேறினார் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய நாம், ஒரு பயணச் சீட்டை வாசிக்கக் கற்றுக் கொடுக்கவில்லையே என்ற வருத்தம் மட்டும் இருந்தது. இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்கு நாம் தேடிக்கொண்ட பதில்.

நேயர்களே, முதலில் நம் முன்னோரின் பயணத்தை நோக்குவோம். உண்மையில் ஜொகூர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களில் பெரும்பாலோர் இடைவழிப் பயணிகளே. ஏனெனில் அந்தக் காலத்தில் ஜொகூர், சுல்தானின் ஆட்சியில் இருந்த தனி நாடு. 1914இல்தான் பிரிட்டிஷ் பொது ஆலோசகர் ஒருவரை ஏற்றுக்கொண்டது. சென்னை மாகாணத்தில் கப்பலேறியவர், பிரிட்டிஷ் குடியேற்றமாகிய சிங்கப்பூரில் இறங்கி, அங்கிருந்து ஜொகூருக்குள் வரவேண்டும். 1909இல் ஜொகூரின் ஊடே ரயில் பாதை முடிவுற்ற பிறகு, ரெங்கம் போன்ற நிலையங்களில் வந்து இறங்கித் தோட்டங்களுக்கு நடந்தவர்கள் பலர்.

அவர்கள் கையில் கடப்பிதழ் இருந்ததா? இல்லை. ஆனால் பத்திரமே இல்லாமல் வந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி முறை வலுப்பெற்றிருந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் உரிமப் பத்திரம் பெற்றுத் தம் ஊருக்குச் சென்று ஆள் சேர்ப்பார். அவர் சேர்த்த ஆட்களைக் கிராம முன்சீப்பிடம் காட்டி, ‘இவர் போவதற்குத் தடையில்லை’ என்று ஒப்பம் பெற வேண்டும். பிறகு ஆவடி, நாகப்பட்டினம் ஆகிய இடங்களில் இருந்த டிப்போக்களில் தங்க வைப்பார்கள். மருத்துவச் சோதனை நடக்கும். அம்மை குத்துவார்கள். அதன்பின்னரே கப்பல்.

1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் எல்லாரும் பணம் செலுத்த வேண்டும். அந்த நிதியிலிருந்தே தொழிலாளியின் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. ஆகவே தொழிலாளியின் பெயர் எழுதிய கப்பல் சீட்டே அவனுடைய பயணப் பத்திரமாகவும் இருந்தது. சீட்டை எழுதியவர் வேறொருவர். பணம் கட்டியவர் வேறொருவர். போகுமிடத்தை முடிவு செய்தவரும் வேறொருவர். இதை நாம் மறக்கலாகாது.

கப்பல் பினாங்கு, கிள்ளான் அருகே உள்ள சுவெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர் என்று வரிசையாகத் தொட்டு வரும். கப்பலில் காலரா அல்லது பெரியம்மை கண்டால் பயணிகளைக் கரையில் இறக்க மாட்டார்கள். பினாங்கில் ஜெரஜாக் தீவு, சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவு ஆகிய கொரண்டின் முகாம்களில் நாள் கணக்கில் தங்க வைப்பார்கள். இலங்கைக்குச் சென்ற தமிழர்களுக்கு இராமநாதபுரம் பகுதியில் மண்டபம் முகாம் இதே வேலையைச் செய்தது. இன்று விமான நிலையத்தில் உள்ள இடைவழிக் கூடத்திற்கு அந்தத் தீவுகளையும் முகாம்களையும் முன்னோடி எனலாம். ஊரை விட்டாயிற்று. ஆனால் வந்த நாட்டிற்குள் இன்னும் நுழையவில்லை. நடுவில் ஓர் இடம். அங்கே காத்திருப்பு.

இனி, கடப்பிதழ் எப்போது வந்தது என்று காண்போம். மன்னர்கள் கொடுத்த பயண ஓலைகள் பழங்காலத்திலேயே உண்டு. ஆனால் எல்லைகளைக் கடக்கும் சாதாரண மக்கள் எல்லாரும் கடப்பிதழ் வைத்திருக்க வேண்டும் என்பது 1914இல் தொடங்கிய முதல் உலகப் போரின் விளைவு. ஒற்றர்களுக்கு அஞ்சிய அரசுகள் எல்லைகளை மூடின. போர் 1918இல் முடிந்தது. ஆனால் கதவுகள் திறக்கப்படவில்லை. இந்தியாவில் நுழைவதற்குக் கடப்பிதழ் வேண்டும் என்பதற்கான சட்டம் 1920இல் இயற்றப்பட்டது.

அதே 1920ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உலக நாடுகள் சங்கம் பாரிஸ் நகரில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. கடப்பிதழ், சுங்கச் சோதனை, நாடு விட்டு நாடு செல்லும் நேர்ச்சீட்டு ஆகிய மூன்றும் அந்த மாநாட்டின் பொருள்கள். இன்று நம் கையில் இருக்கும் சிறு புத்தக வடிவக் கடப்பிதழ் அங்கே உருவானதுதான். 32 பக்கங்கள் இருக்க வேண்டும் என்று அம்மாநாடு வரையறுத்தது. கடப்பிதழையே ஒழித்துவிட வேண்டும் என்ற விருப்பமும் அங்கே எழுந்தது. ஆனால் காலம் இன்னும் கனியவில்லை என்று அதனைத் தள்ளி வைத்தார்கள். அந்தக் காலம் இன்றுவரை கனியவில்லை.

நம் தலைப்புக்கு மிக வேண்டிய செய்தி ஒன்றும் அம்மாநாட்டில் உண்டு. ஒரு நாட்டின் வழியாகக் கடந்து செல்வோருக்கான இடைவழி விசாவை வேறாகப் பிரித்துப் பேசினார்கள். போய்ச்சேரும் நாட்டின் விசா கையில் இருந்தால், இடையில் உள்ள நாடு மேற்கொண்டு விசாரணை செய்யாமல் உடனே இடைவழி விசா கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். நுழைவு விசாவுக்கு 10 பொன் பிராங்க் வரை கட்டணம் என்றால், இடைவழி விசாவுக்கு 1 பிராங்க் போதும் என்றார்கள். ஆக, ‘கடந்து போகிறவனிடமும் பத்திரம் கேட்கலாம், ஆனால் அவனை வருத்தக் கூடாது’ என்பதே அன்றைய கருத்து. நம் மாணவரின் தந்தையார் கேட்ட கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் நாடிழந்தவர்களின் நிலையும் உலகின் கண்ணில் பட்டது. ரஷ்யாவிலிருந்து வெளியேறிப் பத்திரமின்றித் தவித்தவர்களுக்காக நார்வே நாட்டு அறிஞர் நான்சென் 1922இல் ஒரு பயணப் பத்திரத்தை ஏற்படுத்தினார். அதற்கு நான்சென் கடப்பிதழ் என்றே பெயர் வந்தது.

மலாயாவுக்கு மீண்டும் வருவோம். 1922இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் ஏற்பட்டு ரப்பர் விலை விழுந்தபோது ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் சம்பளத் தகராற்றையொட்டி, உடலுழைப்புத் தொழிலாளர்கள் பிறர் செலவில் மலாயாவுக்குச் செல்வதை இந்திய அரசு தடை செய்தது. போருக்குப் பிறகு, 1953இல் மலாயாவில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் கதவை மேலும் இறுக்கியது. ஊருக்குப் போய்வர விரும்பிய தோட்டத் தமிழர்கள் மீள்நுழைவு அனுமதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய காலம் வந்தது. ‘ராஜுலா’ கப்பலில் நாகப்பட்டினம் போய்வந்த கதைகளை நம் பெரியோர் பலர் சொல்லக் கேட்டிருப்போம். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை இந்தக் கடல்வழியில் ஓடியது. முற்காலத்தில் அதில் ஏறியவர்கள் சீட்டைப் பத்திரப்படுத்தினார்கள். பிற்காலத்தில் ஏறியவர்கள் கடப்பிதழை மடியில் கட்டிக்கொண்டார்கள்.

ஜொகூர்வாசிகளாகிய நமக்கு இந்த மாற்றம் வாசலிலேயே நிகழ்ந்தது. 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தின் வழியாகக் கடப்பிதழ் இல்லாமலேயே சிங்கப்பூருக்குப் போய்வந்தார்கள். தங்கம் வாங்க, துணி வாங்க, கப்பலில் வரும் உறவினரை வரவேற்க என்று காலையில் போய் மாலையில் திரும்புவார்கள். 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் தனி நாடானது. 1967 ஜூன் மாதத்தில் சிங்கப்பூர்ப் பக்கத்திலும், செப்டம்பர் மாதத்தில் மலேசியப் பக்கத்திலும் கடப்பிதழ்ச் சோதனை தொடங்கியது. ஒரு கிலோ மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தைக் கடக்க அன்று முதல் முத்திரை வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நம்மில் பலர் இந்தியாவுக்குச் செல்லச் சாங்கி விமான நிலையத்தை நாடுகிறோம். 1981இல் திறக்கப்பட்ட அது ஜொகூருக்கு மிக அருகில் இருக்கிறது. நாம் சிங்கப்பூரை இடைவழியாகத்தான் எண்ணுகிறோம். ஆனால் சிங்கப்பூர் அவ்வாறு எண்ணுவதில்லை. உட்லண்ட்ஸ் வாயிலில் தரைவழியாக நுழைகிறவர் அந்நாட்டிற்குள் முழுமையாக நுழைந்தவரே ஆவார். அவர் அடுத்த இரண்டு மணி நேரத்தில் விமானம் ஏறினாலும் சட்டம் அதுதான். இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்து, சாங்கியின் உட்கூடத்திலேயே விமானம் மாறி ஆஸ்திரேலியா செல்பவரின் நிலையோ வேறு. அவர் குடிநுழைவு வாயிலைத் தாண்டுவதே இல்லை.

இந்த வேறுபாடு விமானப் பயணத்தோடு பிறந்தது. 1944 டிசம்பரில் சிகாகோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கையே இன்றைய பன்னாட்டு விமானப் போக்குவரத்தின் அடித்தளம். அதன் 9ஆவது இணைப்பு 1949இல் ஏற்கப்பட்டது. வசதியுள்ள விமான நிலையங்களில் தனிக் கூடம் அமைத்து, கடந்து செல்லும் பயணிகளைக் குடிநுழைவுச் சோதனையின்றி அங்கே தங்க விட வேண்டும் என்பது அதன் நெறி. ஆனால் எல்லா நாடுகளும் இதை ஒரே மாதிரி கடைப்பிடிக்கவில்லை. அமெரிக்க விமான நிலையங்களில் பன்னாட்டுப் பயணிகளுக்கு அத்தகைய கூடம் கிடையாது. அங்கே இறங்கும் எவரும் குடிநுழைவு அதிகாரியின் முன் நின்றே தீரவேண்டும். முற்காலத்தில் விசா இல்லாமலும் கடந்து செல்ல அந்நாடு ஒரு சலுகைத் திட்டம் வைத்திருந்தது. 2001 செப்டம்பர்த் தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்புக் கெடுபிடி மிகுந்து, 2003 ஆகஸ்டில் அது நிறுத்தப்பட்டது. நம் மாணவர் தடுக்கப்பட்டதற்கு நேரான காரணம் இதுவே.

அன்பர்களே, இடைவழிப் பயணத்தின் வரலாற்றில் தமிழர்களின் பெயர் ஆழமாகப் பதிந்திருப்பது 1980களில்தான். அது பெருமைக்குரிய கதை அன்று, துயரக் கதை. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்செயலுக்குப் பின் பல்லாயிரவர் நாட்டை விட்டு வெளியேறினர். மேற்கு ஐரோப்பிய நாடுகளின் விசா கிடைப்பது அரிது. ஆனால் ஒரு வழி திறந்திருந்தது. அதுதான் பெர்லின்.

அன்று ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்தது. கிழக்கு ஜெர்மனியின் இடைவழி விசாவைப் பெற்று, கிழக்கு பெர்லின் அருகே உள்ள ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்குவார்கள். அங்கிருந்து நகர ரயில் ஏறினால் மேற்கு பெர்லின். கிழக்கு அரசு தன் மக்களை வெளியே விடாது. ஆனால் அயல்நாட்டார் கடந்து போவதைத் தடுக்கவில்லை. மேற்குப் பக்கமோ பெர்லினை ஒரே நகரமாகக் கருதியதால், அங்கே எல்லைச் சோதனை வைப்பதில்லை. வைத்தால் பிரிவினையை ஏற்றுக்கொண்டதாகிவிடும். இவ்வாறு இரு வல்லரசுகளின் வழக்குக்கு நடுவே இருந்த இடுக்கின் வழியாக யாழ்ப்பாணத்து இளைஞர்கள் புகுந்து சென்றனர். ஓர் இடைவழி விசா அவர்களில் பலருக்கு உயிர்வழியாயிற்று.

மேற்கு நாடுகள் நெருக்கின. 1985 ஜூலையில் கிழக்கு ஜெர்மனி விதியை மாற்றியது. போய்ச்சேரும் நாட்டின் விசா இல்லாத தமிழர்களுக்கு இனி இடைவழி கிடையாது என்றது. 1920இல் பாரிஸ் மாநாட்டில் பயணியின் வசதிக்காகச் சொல்லப்பட்ட ‘போய்ச்சேரும் நாட்டின் விசாவைக் காட்டு’ என்ற நிபந்தனையே, 65 ஆண்டுகளுக்குப் பின் வழியை அடைக்கும் பூட்டாக மாறியது. வரலாற்று மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனும் 1985இல் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடொன்றின் குடிமக்கள் எல்லாருக்கும் பிரிட்டன் இவ்வாறு விசா விதித்தது அதுவே முதல் முறை. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் கண்டு கரை சேர்த்தனர். அவர்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழ் அகதிகள் விமானத்தில் ஏற மறுத்து, தங்கள் உடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். மானத்தை உயிரினும் பெரிதாகக் கருதும் மக்கள் அந்த நிலைக்குத் தள்ளப்பட்டார்கள் என்றால், அவர்கள் அஞ்சியது எத்தகைய ஆபத்தாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே 1987ஆம் ஆண்டில் பிரிட்டன் ஒரு சட்டம் இயற்றியது. உரிய பத்திரம் இல்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனமோ கப்பல் நிறுவனமோ ஒவ்வொரு பயணிக்கும் 1,000 பவுண்டு செலுத்த வேண்டும் என்றது. இத்தகைய சட்டங்கள் வேறு பல நாடுகளிலும் உண்டு. 1993இல் கொண்டுவரப்பட்ட மற்றொரு பிரிட்டிஷ் சட்டம், கடந்து செல்வோருக்கும் இடைவழி விசாவைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விசா விதித் தொகுப்பில், விமான நிலையக் கூடத்தைத் தாண்டாவிட்டாலும் இடைவழி விசா பெற வேண்டிய நாட்டினரின் பொதுப் பட்டியலில் இலங்கையும் சேர்க்கப்பட்டது.

இதன் பலன் என்ன? எல்லைக் காவல், நாட்டின் எல்லையிலிருந்து நகர்ந்து, பயணி புறப்படும் ஊரின் விமான நிலைய முகப்புக்கே வந்துவிட்டது. தண்டத்திற்கு அஞ்சும் விமான நிறுவனம், பயணி போகும் நாட்டின் விதியையும், இடையில் தொடும் ஒவ்வொரு நாட்டின் விதியையும் முன்கூட்டியே சரிபார்க்கிறது. இதற்கென விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் ‘டிமாட்டிக்’ என்ற விதித் தொகுப்பு கணினியில் இருக்கிறது. சிப்பாங் விமான நிலைய முகப்பில் இருந்த அந்தப் பணியாளர் நம் பையனிடம் பகை கொண்டு கேட்கவில்லை. பல்லாயிரம் கல் தொலைவில் இருக்கும் ஓர் அரசின் கேள்வியைத்தான் அவர் கேட்டார்.

இடைவழிக் கூடத்திலேயே அகப்பட்டுக்கொண்டவர்களும் உண்டு. ஈரானில் பிறந்த நாசேரி என்பவர் 1988 முதல் 2006 வரை பாரிஸ் விமான நிலையத்தில் வாழ்ந்தார். நம் நாட்டிலும் இது நிகழ்ந்தது. 2018இல் ஹசான் அல் கோந்தார் என்ற சிரியா நாட்டவர் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் ஏறத்தாழ 7 மாதங்கள் இருந்தார். சொந்த நாட்டில் போர். மலேசியாவில் தங்கும் கெடு முடிந்துவிட்டது. கம்போடியாவுக்குப் பறந்தார், திருப்பி அனுப்பப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில்தான் கனடா அவரை ஏற்றுக்கொண்டது. ஜெரஜாக் தீவில் நாள் கணக்கில் காத்திருந்த நம் முன்னோரை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மலேசியக் கடப்பிதழ் இன்று உலகில் நன்மதிப்பு உடையது. 1998இல் மின்னணுச் சில்லு பொருத்திய கடப்பிதழை உலகிலேயே முதலில் வெளியிட்ட நாடு மலேசியாதான். ஆனால் அந்தக் கடப்பிதழைப் பெறக் குடியுரிமை வேண்டும். குடியுரிமையை மெய்ப்பிக்கப் பிறப்புப் பத்திரம் வேண்டும். நம் தோட்டங்களில் இன்னும் சிவப்பு அடையாளக் கார்டோடு இருக்கும் முதியவர்கள் உண்டு. லயத்திலேயே பிறந்து, பதிவு செய்யப்படாமல் போனவர்களும் உண்டு. அவர்களுக்கு விமானம் மாறும் கவலை இல்லை. ஏனெனில் முதல் விமானத்திலேயே அவர்கள் ஏற முடியாது. இடைவழிப் பயணியின் தொல்லை சில மணி நேரத்தில் தீரும். பத்திரமற்றவரோ தம் பிறந்த மண்ணிலேயே இடைவழிக் கூடத்தில் இருப்பவர் போல ஆயுளைக் கழிக்கிறார். பள்ளியில் சேரும் நாளில் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டு வாங்கும்போது, அது வெறும் அலுவலகச் சடங்கு அன்று என்பதை ஆசிரியர்களாகிய நாம் உணர வேண்டும். குறை இருந்தால் அந்த வயதிலேயே சரிசெய்வது எளிது, பிந்தினால் அரிது.

இனி, பயணம் செய்வோர் நினைவில் வைக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று: சீட்டு வாங்குவதற்கு முன், விமானம் தொடும் எல்லா நாடுகளையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியே, ‘எங்கள் கடப்பிதழுக்கு இங்கே விமானம் மாற விசா வேண்டுமா?’ என்று கேட்க வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவதால் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பையே நம்ப வேண்டும்.

இரண்டு: முழுப் பயணமும் ஒரே சீட்டா, இரண்டு தனிச் சீட்டுகளா என்று பார்க்க வேண்டும். தனிச் சீட்டுகளானால் பெரும்பாலும் பெட்டியை இடையில் எடுத்து மீண்டும் கொடுக்க வேண்டிவரும். பெட்டியை எடுக்கக் குடிநுழைவு வாயிலைத் தாண்ட வேண்டும். தாண்டினால் அது நுழைவு. அதற்கு நுழைவு விசா வேண்டியிருக்கலாம்.

மூன்று: முனையம் மாறுகிறதா, விமான நிலையமே மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். கோலாலம்பூரில் 1998இல் திறந்த முதல் முனையத்திற்கும் 2014இல் திறந்த இரண்டாம் முனையத்திற்கும் இடையே ஓடும் ரயில் குடிநுழைவு வாயிலுக்கு வெளியே ஓடுகிறது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரும் நம் உறவினர்களுக்கு இதைச் சொல்லி வைப்பது நல்லது.

நான்கு: கடப்பிதழ் காலாவதியாக 6 மாதங்களுக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல நாடுகள் இதை வற்புறுத்துகின்றன.

நேயர்களே, நம் மாணவர் மூன்று வாரங்கள் கழித்து, கிழக்காசிய நகரம் ஒன்றில் மட்டும் விமானம் மாறி, நேரே கனடா போய்ச் சேர்ந்தார். முதல் சீட்டின் பணம் திரும்பி வரவில்லை. அடகு வைத்த சங்கிலியை மீட்க அந்தத் தாயாருக்கு மேலும் ஓராண்டு பிடித்தது. அவர் மகன் படிப்பை முடித்துவிட்டார் என்பது நமக்கு ஆறுதல்.

அந்தத் தந்தையாருக்கு இன்று நாம் சொல்லக்கூடிய பதில் இது: “ஆமாம் ஐயா, கடந்து போவதற்கும் பத்திரம் வேண்டும். போர் அச்சத்தில் பிறந்த வழக்கம் அது. பலருடைய கண்ணீரோடு வளர்ந்து சட்டமாயிற்று. அதை நாம் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் சீட்டை வாசிக்கத் தெரிந்தால் வழியில் நிற்க வேண்டியதில்லை.” நம் பாட்டனாரின் சீட்டை வேறொருவர் எழுதினார், வேறொருவர் வாசித்தார். பேரப்பிள்ளைகளாவது தங்கள் சீட்டைத் தாங்களே வாசிக்கட்டும். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இப்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு விமானச் சீட்டின் படியைக் கரும்பலகையில் எழுதி, எந்த ஊரில் இறங்குவாய், எந்த ஊரில் ஏறுவாய், அங்கே உன்னிடம் என்ன கேட்பார்கள் என்று பாடம் நடத்துகிறோம். மற்ற பள்ளிகளிலும் இதைச் செய்து பார்க்கலாம்.